மூளைக்குள் ஒரு நீர்த்தூம்பு

தமிழ் பயிலும் மாணவர் மூளையின் நீரோட்டத்தைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு நண்பர் சிலர் எம்மை நகையாடினர். யாப்பிலக்கணம் படிப்பார்க்கு மூளையோடு என்ன தொடர்பு என்று ஒருவர் வினவினார். மூளையின்றி யாப்பினை எங்ஙனம் கற்பது என்று யாமும் விடையிறுத்தோம். எனினும், விஞ்ஞானப் பிரிவினராகிய அன்பர்கள் எம் பிழை பொறுப்பாராக. இப்பொருளை யாம் மேற்கொண்டதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, எம் சிற்றன்னையார்க்கு நேர்ந்த நோய். அதனைப் பின்னர் உரைப்பாம். மற்றொன்று, எம் ஊர் ஏரி.

2019ஆம் ஆண்டில் வேலூர் மாவட்டத்தினின்றும் பிரிந்த ராணிப்பேட்டை மாவட்டத்தில், ஆர்க்காட்டிற்குத் தெற்கே உள்ளது எம் ஊராகிய கலவை. ஏரிப் பாசனம் கண்டு வளர்ந்தவர்க்கு ஓர் உண்மை ஒருவரும் சொல்லாமலே விளங்கும். ஏரியில் நீர் நிறைந்திருத்தல் மட்டும் போதாது. வரத்துக்கால் வழியே நீர் வருதலும், தூம்பின் வழியே வயலுக்குச் செல்லுதலும், மிகுந்த நீர் கலிங்கின் வழியே கழிதலும் ஒன்றோடொன்று ஒத்து நடத்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும் பயிர் வாடும், அன்றிக் கரை உடையும். மூளையின் நிலையும் ஏறத்தாழ இதுவே. அதன் எடையில் நான்கில் மூன்று பங்கு நீர். அதனுள்ளும் அதனைச் சூழ்ந்தும் ஏறக்குறைய 150 மில்லிலிட்டர் தெளிந்த நீர் நிற்கின்றது. நாள் ஒன்றுக்குச் சுமார் 500 மில்லிலிட்டர் புதிதாகச் சுரக்கின்றமையால், அந்நீர் முழுவதும் ஒரு நாளில் மும்முறைக்கு மேலும் புதுப்பிக்கப்படுகின்றது. ஆனால் ஏரிக்கும் மூளைக்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு. ஏரிக்கரையை ஊரார் கூடி மண் இட்டு உயர்த்தலாம். மண்டையோட்டினை அங்ஙனம் உயர்த்தல் இயலாது. உள்ளே நீர் சிறிது மிகுந்தாலும் அது நெருக்குவது மூளையையே.

இனி, இந்நீர் ஓர் உயிரணுவினுள் புகுவது எவ்வாறு என்பதைக் காண்பாம். ஒவ்வோர் உயிரணுவையும் கொழுப்பாலாய மெல்லிய சவ்வொன்று சூழ்ந்துளது. கொழுப்பும் நீரும் ஒட்டா என்பது அடுக்களையில் யாவரும் அறிந்ததே. ஆயினும் நீர் அச்சவ்வின் ஊடே சிறிது சிறிதாகக் கசிந்து செல்லும் என்று அறிஞர் நெடுங்காலம் கருதி வந்தனர். கசிவு உண்மையே. ஆனால் இரத்தச் சிவப்பணுவிலும் சிறுநீரகத்திலும் நீர் பாயும் விரைவை அக்கசிவு ஒன்றினால் விளக்க முடியவில்லை. எங்கோ ஒரு வாயில் இருத்தல் வேண்டும் என்ற ஐயம் வலுத்தது. 1986இல் ருமேனியா நாட்டுக் கிளூஜ் நகரத்தைச் சார்ந்த கியார்கே பெங்கா என்பார், சிவப்பணுச் சவ்வில் நீர் செல்லும் வழியாக ஒரு புரதம் உண்டென்பதற்குச் சான்று காட்டினார். அதனைப் பிரித்தெடுத்து ஐயமற நிறுவியவர் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பீட்டர் ஆக்ரே.

ஆக்ரே தேடியது ஒன்று, கிடைத்தது மற்றொன்று. இரத்த வகையைச் சார்ந்த வேறொரு புரதத்தை அவர் பிரித்தெடுக்குங்கால், வேண்டாத சிறு புரதமொன்று கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. அழுக்கென்று அதனை எறிந்துவிடாமல் அவர் ஆராய்ந்தார். 1992இல் அவர் குழுவினர் வெளியிட்ட சோதனை மிக எளியது. அதனாலேயே எம் போன்றார்க்கும் விளங்குவது. தவளையின் முட்டை குளத்து நீரில் கிடந்தாலும் எளிதில் நீரை உறிஞ்சுவதன்று. அப்புரதத்தை ஆக்கும் குறிப்பினை அம்முட்டையுள் செலுத்திப் பின் உப்புக் குறைந்த நீரில் இட்டனர். சில நிமிடங்களில் முட்டை ஊதிப் பருத்து வெடித்தது. செலுத்தப்பெறாத முட்டைகள் இருந்தபடியே இருந்தன. இக்கண்டுபிடிப்பிற்காக 2003ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசில் ஒரு பாதி ஆக்ரேக்குக் கிடைத்தது. மறு பாதி, உப்பணுக்கள் செல்லும் வாயில்களை ஆராய்ந்த ராடரிக் மெக்கின்னனுக்கு. பெங்காவின் பெயர் பரிசிலில் இடம்பெறவில்லை. அது நேரிது அன்று என்பாரும் உளர். எமக்கும் அவர் பக்கமே மனம் சாய்கின்றது.

இப்புரதங்களுக்கு அக்குவாபோரின் என்று பெயர் இட்டனர். நீர் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லும், துளை என்னும் பொருளுடைய மற்றொரு சொல்லும் கூடியது அது. தமிழில் இதனை எங்ஙனம் வழங்கலாம் என்று யாம் சில நாள் எண்ணினோம். மதகு என்னலாம் எனின், மதகுக்குப் பலகை உண்டு. ஏற்றுவார் இறக்குவார் உண்டு. மூளையில் உள்ள இவ்வாயிலோ பெரும்பாலும் திறந்தே கிடப்பது. எப்பக்கம் உப்புச் செறிவு மிகுந்துளதோ அப்பக்கம் நீர் தானே செல்லும்; திறப்பாரும் அடைப்பாரும் வேண்டா. மடை என்னலாம் எனின், அது மண்ணை வெட்டித் திறப்பது. தூம்பு என்னும் சொல்லோ உட்டுளை உடைய பொருள்களுக்குப் பழந்தமிழில் வழங்கியது. இசைக்கருவி ஒன்றிற்கும் அது பெயர், ஏரியின் அடியில் நீர் செல்லும் குழாய்க்கும் அது பெயர். ஆதலின் நீர்த்தூம்பு என்றே ஈண்டு வழங்குவாம். ஆசிரியர்கள் இதனினும் நல்லதொரு சொல் தருவாராயின் மகிழ்ந்து ஏற்போம்.

இத்தூம்பின் துளை நடுவில் இடுங்கியது. நீரின் மூலக்கூறு ஒன்று மட்டுமே நுழையும் அளவினது. குறுகிய சந்தில் ஒருவர் பின் ஒருவராகச் செல்வது போல் அவை ஒற்றை வரிசையிற் செல்லும். அங்ஙனம் சென்றும் ஒரு தூம்பின் வழியே ஒரு விநாடிக்குள் கடக்கும் மூலக்கூறுகள் ஏறத்தாழ 300 கோடி! இவ்விரைவினும் வியப்புடையது அதன் தேர்ந்து விடும் திறம். நீர் செல்லும் அவ்வழியில் புரோட்டான் என்னும் மின்னூட்டத் துகள் ஒன்றும் செல்லாது. புரோட்டான்கள் நீர் வரிசையைப் பற்றிக்கொண்டு ஒன்றிலிருந்து ஒன்றிற்குத் தாவும் இயல்பின. ஆனால் தூம்பின் நடுவில் ஒவ்வொரு நீர் மூலக்கூறும் திருப்பி நிறுத்தப்படுவதனால், அத்தாவலுக்குரிய தொடர் அறுந்துபோகின்றது. துளையிலுள்ள மின்னூட்டமும் அவற்றைத் தடுத்துத் தள்ளுகின்றது. இத்தடை இல்லையேல் உயிரணுவின் மின்னாற்றல் யாவும் நீரோடு ஒழுகிவிடும்.

மக்கள் உடலில் இத்தகைய தூம்புகள் 13 வகை உள்ளன. மூளையில் சிறந்தன இரண்டு. முதல் வகை, மூளைநீர் சுரக்கும் இடத்தில் உள்ளது. அது வரத்துக்காலைப் போன்றது. நான்காம் வகையே எம் கட்டுரைக்குரியது. 1994இல் கண்டறியப்பட்ட இதனை அக்குவாபோரின்–4 என்பர். இது நினைவிற்கும் எண்ணத்திற்கும் உரிய நரம்பணுக்களில் இல்லை. அவற்றைத் தாங்கி நிற்கும் விண்மீன் வடிவின அணுக்களில் உள்ளது. அவ்வணுக்கள் தம் நீண்ட கிளைகளின் நுனியால் மூளையின் நுண்குழாய்களைப் பாதம் வைத்தாற்போல் தழுவி நிற்கின்றன. தூம்புகள் அணுவெங்கும் பரவாமல், குருதிக்குழாயை நோக்கிய அப்பாதத்திலேயே நெருங்கிச் செறிந்துள்ளன. அங்கே அவற்றைக் கட்டி நிறுத்த வேறு புரதங்கள் உள. எம் ஊரில் ஏரிக்கரையின் நடுவில் தூம்பு வைத்தவர் இடம் அறிந்து வைத்தார் என்று முதியோர் கூறுவர். இங்கும் இடமே முதன்மை.

இத்தூம்பினால் நன்மையோ தீமையோ என்பதனை விளக்கத் தோல் தொழிலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து அன்பர்க்கு இது புதிதன்று. உப்பிட்டு வந்த பச்சைத் தோலை முதலில் நல்ல நீரில் ஊறவைப்பர். வற்றிய தோல் மீண்டும் நீர் ஏற்கும். பின்னர்ச் சுண்ணாம்பு முதலியன முடிந்து அமிலத்தில் இடும்போது, அமிலத்திற்கு முன்னே தொட்டியில் உப்பைக் கரைத்துக்கொள்வர். உப்பின்றி அமிலம் இட்டால் தோல் நீரைக் குடித்து ஊதிப் பருத்துக் கெட்டுவிடும். வெளியில் உப்பு நிற்பதனால் நீர் உள்ளே பாய்வதில்லை. இக்கணக்கே மூளைக்கும். பக்கவாதத்தில் ஓரிடத்திற்குக் குருதி நின்றுபோனால், அங்குள்ள அணுக்கள் தம்முள் புகும் உப்பை வெளியேற்றும் ஆற்றலை இழக்கின்றன. உப்பு உள்ளே தங்க, நீர் தூம்பு வழியே அதனைத் தொடர்ந்து உள்ளே பாய, அணுக்கள் ஊதுகின்றன. மருத்துவர் மானிட்டால் என்னும் மருந்தையோ செறிந்த உப்புநீரையோ குருதியில் செலுத்துவது, தொட்டியில் உப்பிடுவது போன்றதே. வெளியில் செறிவு மிக, மூளையின் நீர் வெளியே வருகின்றது.

அங்ஙனமாயின் தூம்பை அடைத்துவிட்டால் வீக்கமே வாராதன்றோ? இவ்வினா எழுதல் இயற்கை. 2000ஆம் ஆண்டில் இத்தூம்பு இல்லாதபடி வளர்த்த எலிகளிடம் இது சோதிக்கப்பட்டது. மிகுநீர் ஊட்டியபோதும், பக்கவாதம் உண்டாக்கியபோதும் அவ்வெலிகளின் மூளை குறைவாகவே வீங்கியது. அவை மிகுதியாகப் பிழைத்தன. விடை கிடைத்தது என்று பலர் எண்ணியிருப்பர். ஆனால் 2004இல் வெளிவந்த ஆராய்ச்சி வேறொன்று கூறிற்று. கட்டி முதலியவற்றால் குருதிக்குழாயின் சுவரே பழுதுற்று நீர் அணுக்களின் இடைவெளியில் தேங்குமாயின், தூம்பற்ற எலிகளே மிகுதியாக அல்லற்பட்டன. என்னை? அங்கே தேங்கிய நீர் வெளியேறவும் அத்தூம்பே வழி. புகுவதும் போவதும் ஒரே வாயில். வெள்ளத்திற்கு அஞ்சித் தூம்பை அடைத்தவன், வடிகாலையும் அடைத்தவனாவான். ஆதலின் எவ்வகை வீக்கம், எந்நேரத்து வீக்கம் என்றறியாமல் மருந்து செய்தல் இயலாது. 2020இல் மனநோய்க்குரிய பழைய மருந்தொன்று, தண்டுவடம் அடிபட்ட எலிகளில் தூம்புகள் சவ்விற்கு மிகுதியாக ஏறிவருதலைத் தடுத்து வீக்கத்தைக் குறைத்தது என்று கண்டனர். எனினும் தூம்பை நேரே அடக்கும் மருந்து ஒன்றும் இன்னும் மருத்துவமனை வழக்கிற்கு வந்திலது.

மூளையின் நீரோடு போராடுவதில் நம் வேலூர்க்குத் தனியிடம் உண்டு. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் தொடங்கிய சிறு மருத்துவ நிலையம் வளர்ந்து கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாயிற்று. அங்கே 1949இல், மான்ட்ரீல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்று வந்த ஜேக்கப் சாண்டி, இந்தியாவின் முதல் நரம்பியல், நரம்பறுவைப் பிரிவைத் தொடங்கினார். காசநோய் மூளையுறையைப் பற்றினால் மூளைநீர் கழியும் வழி அடைபட்டு உள்ளறைகளில் நீர் தேங்கும். அந்நீரைக் குழாய் வைத்து வயிற்றுக்கு வடித்த 114 நோயாளரை நெடுநாள் தொடர்ந்து கண்டு வேலூர் மருத்துவர் 1991இல் வெளியிட்ட ஆராய்ச்சி உலகெங்கும் பயில்கின்றது. நோயாளியின் உணர்வு நிலையை நான்கு படிகளாக அவர்கள் வகுத்தனர். முதற்படியில் வந்தவருள் ஐவரில் நால்வர் பிழைத்தனர். நான்காம் படியில், முற்றும் உணர்விழந்து வந்தவருள் ஒருவரும் பிழைத்திலர். நாட்டுப்புறத்தார் தலைவலியையும் வாந்தியையும் பித்தம் என்று நாள் கடத்துவதன் விலை இவ்வெண்களில் உள்ளது.

நீரின் அளவே நோயைக் காட்டிக்கொடுத்த கதையும் அங்கே உண்டு. வலிப்பு வந்த இந்தியர் பலருடைய மூளைப் படத்தில் சிறியதோர் ஒற்றைப் புள்ளி தோன்றும். முன்னாளில் அதனைக் காசநோய்க் கட்டி என்று கருதி மாதக்கணக்கில் மருந்து கொடுத்தனர். வேதாந்தம் ராஜசேகரும் மேத்யூ சாண்டியும் உடன் உழைத்தவரும், அப்புள்ளிகளிற் பல நாடாப்புழுவின் இளம்புழு அழிந்துகொண்டிருக்கும் தடமே என்று காட்டினர். புள்ளி 20 மில்லிமீட்டருக்கு மேற்படாமலும், அதனைச் சூழ்ந்த நீர்வீக்கம் மூளையின் நடுக்கோட்டை நகர்த்தும் அளவிற்கு மிகாமலும் இருத்தல் அவர் கூறிய அடையாளங்களிற் சில. பல வீடுகளில் வேண்டாத காசநோய் மருந்து இதனால் நின்றது.

உறக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். விண்மீனணுக்களின் பாதங்களை ஒட்டிய வழியே மூளைநீர் பாய்ந்து மூளையின் கழிவுகளைக் கழுவிச் செல்கின்றது என்றும், அதற்கு இத்தூம்பு துணை என்றும் 2012இல் மைக்கேன் நெடர்கார்டு அம்மையார் குழுவினர் கூறினர். உறங்கும் எலியில் அக்கழுவுதல் மிகும் என்று 2013இலும் உரைத்தனர். 2024இல் லண்டன் ஆய்வாளர் உறக்கத்தில் அது குறையவே செய்கின்றது என்று மறுத்தனர். வழக்கு முடியவில்லை. தேர்வுக்கு முன்னிரவு விழித்திருக்கும் அன்பர் இரண்டாவது கூற்றைப் பற்றிக்கொள்ள வேண்டா. உறக்கத்தினால் வரும் பிற நன்மைகள் மறுக்கப்படவில்லை.

இனி எம் சிற்றன்னையார் செய்தி. ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறையில் அவர்க்கு விக்கல் தொடங்கிற்று. தண்ணீர் குடித்தும் மூச்சடக்கியும் நிற்கவில்லை. உடன் வாந்தியும் சேர்ந்தது. யாரோ உன்னை நினைக்கின்றார் என்று நகைத்த வீட்டார், மூன்றாம் நாள் நகைக்கவில்லை. வயிற்று மருத்துவர் ஒருவர் வயிற்றுக்கு மருந்து தந்தார்; மூன்று வாரத்தில் அது தானே தணிந்தது. நான்கு மாதம் கழித்து வலக்கண்ணில் வலி எழுந்து, ஒரு வாரத்திற்குள் பார்வை மங்கிற்று. விக்கலையும் கண்ணையும் ஒருங்கே நினைத்தார் ஒருவரும் இலர். வேறோர் ஊரின் மருத்துவமனையில் இதனை நரம்புறையைக் கெடுக்கும் வேறொரு நோய் என்று கொண்டு, அதற்குரிய இன்டர்ஃபெரான் ஊசி இட்டனர். ஓராண்டு முடிவதற்குள் இரு கால்களும் மரத்து எழ முடியாமற் போயின.

பின்னரே ஒரு மருத்துவர், இரத்தத்தில் குறித்ததொரு எதிர்ப்பொருள் உண்டா என்று பார்க்கச் சொன்னார். உண்டு என்று வந்தது. கண்ணையும் தண்டுவடத்தையும் ஒருங்கே பற்றும் இந்நோயை 1894இல் பிரான்சு நாட்டு லியோன் நகரத்து யூஜீன் டெவிக் விளக்கினார். நூறாண்டிற்கு மேல் இதுவும் முன் கூறிய நரம்புறை நோயும் ஒன்றே என்று பலர் மயங்கினர். 2004இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்து வான்டா லெனன் அம்மையார் குழுவினர், இந்நோயாளர் குருதியில் மட்டும் காணும் எதிர்ப்பொருளைக் கண்டனர். அது தாக்கும் இலக்கு அக்குவாபோரின்–4 என்று 2005இல் தெளிந்தது. அஃதாவது, நம்மைக் காக்க வேண்டிய படை, நம் தூம்பையே பகைவன் வாயில் என்று எண்ணி முற்றுகையிடுகின்றது. தூம்போடு விண்மீனணு அழிய, அதனைச் சார்ந்த நரம்பும் கெடுகின்றது. பார்வை நரம்பிலும் தண்டுவடத்திலும் தூம்புகள் செறிந்திருத்தலால் அவை முதலில் வீழ்கின்றன. வாந்தியையும் விக்கலையும் எழுப்பும் சிறிய இடம் ஒன்று மூளையின் அடித்தண்டில் உண்டு. அங்கும் இத்தூம்பு மிகுதி. குருதிக்கும் மூளைக்கும் இடையே பிற இடங்களில் நிற்கும் காவல் அங்கே இல்லாமையால், எதிர்ப்பொருள் எளிதிற் புகும். சிற்றன்னையாரின் விக்கல் வயிற்றில் எழுந்ததன்று. இரண்டு நாளுக்கு மேல் காரணமின்றி நில்லாத விக்கலும் வாந்தியும் இந்நோயின் முதற்குறியாக வருதல் உண்டு என்பது இன்று மருத்துவ நூல்களில் உள்ளது. வீடுகளில் இன்னும் அறியப்படவில்லை.

இவ்விரு நோயையும் பிரித்தறிதல் வெறும் பெயர்ப் பூசல் அன்று. மற்றதற்கு நன்மை செய்யும் இன்டர்ஃபெரான் முதலிய மருந்துகள் இதனை மிகுவிக்கும். இதில் ஒவ்வொரு தாக்குதலும் மீளாத கேட்டினை விட்டுச் செல்லும். பெண்களையே இது பெரும்பான்மையாகப் பற்றுகின்றது. ஐரோப்பியரை நோக்க ஆசிய நாட்டாரிடம் இத்தகைய நோய்களுள் இதன் பங்கு பெரிது. நம் தென்னாட்டில், மங்களூரில் லேகா பண்டிட் அம்மையார் இந்நோயாளரைப் பதிவு செய்து ஆராய்ந்தும், குருதிச் சோதனையை நம் நாட்டிலேயே செய்ய வழிகண்டும் அரும்பணி ஆற்றியுள்ளார். 2019 முதல் இதற்கென்றே ஒப்புதல் பெற்ற மருந்துகள் வெளிநாட்டில் வந்துள. அவற்றின் விலை நம்மனோர்க்கு எட்டாதது. அசத்தியோபிரின், ரிட்டுக்சிமாப் என்னும் மருந்துகளே இங்குப் பெரிதும் உதவுகின்றன.

“தம்பி, என் கண்ணை என் இரத்தமே கெடுத்தது என்கிறார்களே, மெய்தானா?” என்று சிற்றன்னையார் எம்மை வினவினார். “மெய்தான் சித்தி” என்பதன்றி வேறு சொல்ல எமக்கு வாய் எழவில்லை. பின்பு ஏரியையும் தூம்பையும் கூறி விளக்கினோம். அவர் வேளாண் வீட்டில் பிறந்தவர், விரைவில் விளங்கிக்கொண்டார். “அப்படியானால் தூம்பின்மேல் குற்றம் இல்லை, காவற்காரன் மேல்தான்” என்றார்.

வலக்கண் மீளவில்லை. இடக்கண் தெளிவாக உள்ளது. கைத்தடி ஊன்றி வீட்டிலும் தெருவிலும் நடக்கின்றார். ஆறு மாதத்திற்கு ஒருமுறை ரிட்டுக்சிமாப் ஏற்றிக்கொள்ளச் செல்லும் நாளில், கலவையினின்றும் ஆர்க்காட்டிற்கு முதற் பேருந்தில் உடன் செல்வது எம் கடமை. சென்ற மூன்று ஆண்டுகளில் புதிய தாக்குதல் ஒன்றும் வந்திலது. அடுத்த முறை தை மாதத்தில்.